எந்தக் காசில் மஹர்?

அன்பு மகனுக்கு,

உன் மேல் சாந்தியும் சமாதானமும் உண்டாகட்டும். தினமும் எத்தனையோ பேரிடம் யோசிக்காமல் சொல்லிவிட்டுப் போகிற வார்த்தை இது. இன்றைக்கு யோசித்துத்தான் எழுதுகிறேன். இந்த இரண்டும்தான் இப்போது உன்னிடம் இல்லை, உன்னால் எனக்கும் இல்லை. வருகிற ஞாயிற்றுக்கிழமை உனக்கு நிக்காஹ். வீட்டில் உன் அம்மா பிரியாணி மாஸ்டரோடு போனில் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறாள். நான் கேம்ப் ரோடு கடையில், ரெக்ஸின் சுருள்களுக்கு நடுவே, தையல் மிஷின் பலகையில் பேப்பரை வைத்து எழுதுகிறேன். நேரில் பேசினால் என்ன என்று கேட்பாய். நேரில் பேசினால் நீ சிரிப்பாய், உன் சிரிப்பைப் பார்த்ததும் எனக்குச் சொல்ல வந்தது மறந்துவிடும். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் இரண்டு நீலக் கோடு வரும், பதில் வராது. அதனால்தான் இப்படி. உன் பெயரை இதில் எங்கேயும் போடவில்லை. இந்தப் பேப்பர் வேறு யார் கையில் சிக்கினாலும் அவர்கள் வீட்டுப் பையன் பெயரைப் போட்டுப் படித்துக்கொள்ளட்டும்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எனக்குப் பயமாக இருக்கிறது. கார் சீட் தைத்துத் தைத்து விரல் காய்ச்சுப்போன மனுஷன், ஆபரேஷன் தியேட்டருக்குக்கூட டாக்டரிடம் ஜோக் அடித்துக்கொண்டே போனவன், எனக்கு இப்போது நம் வீட்டு கேட் திறக்கிற சத்தத்துக்குத் தூக்கிவாரிப்போடுகிறது. நீதான் வருகிறாய் என்று தெரியும். செருப்பைக் கழற்றும் சத்தத்தை வைத்தே அது நீதான் என்று சொல்லிவிடுவேன். அதற்கடுத்து என் கண் உன் முகத்துக்குப் போகாது, உன் கைக்குத்தான் போகும். கையில் பை இருக்கிறதா இல்லையா என்றுதான் பார்ப்பேன். அது ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

நீ திருமுடிவாக்கத்தில் வேலையை விட்டுவிட்டு வந்த அன்று நம் வீட்டில் நடந்த பேச்சு எனக்கு வரிவரியாக ஞாபகம் இருக்கிறது. உருப்படிகளை அளந்து பார்த்து நல்லது கெட்டது பிரிக்கிற வேலை உனக்கு. கம்பெனி சின்னதுதான், ஆனால் மாதம் பிறந்தால் சம்பளம் வந்துவிடும். கழுத்தில் தொங்கிய அட்டையைக் கழற்றி ஃபிரிட்ஜ் மேல் வீசினாய். "அத்தா, மாசம் பூரா நின்னு வாங்குறத ஒரே மேட்ச்ல எடுத்துட்டேன். அப்புறம் என்னாத்துக்கு அந்த வேலை?" என்றாய். "அடுத்த மாசம்?" என்று கேட்டேன். "அடுத்த மாசமும் மேட்ச் இருக்குது அத்தா." உன் அம்மாகூட வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துவிட்டாள். நானும் சிரித்தேன். அந்த இடத்தில் நான் கத்தியிருக்க வேண்டும். படித்த பிள்ளை, கணக்குப் போட்டுத்தான் ஆடுகிறான், நமக்குத் தெரியாத உலகம் என்று வாயை மூடிக்கொண்டேன். கிரிக்கெட்டில் பந்தயம் கட்டுவதை நீ ஒரு தடவைகூடச் சூதாட்டம் என்று சொன்னதில்லை. அனாலிசிஸ் என்பாய், ஸ்கில் என்பாய். காலையில் குளித்து, சட்டை போட்டு, லேப்டாப் முன்னால் உட்கார்ந்ததும் எங்களுக்கும் அது ஆபீஸ் மாதிரியே தெரிய ஆரம்பித்துவிட்டது.

பிறகு நாங்கள் செய்த கூத்தை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. உன் அம்மா ஒரே பிடியாக நின்றாள். "அவன் காசுல சோறு பொங்க மாட்டேன். அது ஹராம்" என்றாள். சரி, உன் காசை வேண்டாம் என்றாவது சொன்னோமா? அதுவும் இல்லை. பங்கு பிரித்தோம். அரிசி, கறி, மருந்து எல்லாம் என் கடை வருமானத்தில். கரண்டு பில், நெட், லாரித் தண்ணீர் உன்னுடையதில். வயிற்றுக்குள் போகாத செலவென்றால் பாவம் ஒட்டாது என்று நாங்களே ஒரு சட்டம் போட்டுக்கொண்டோம். கோடையில் போர் வற்றியது, லாரி வந்து தொட்டியை நிரப்பிவிட்டுப் போனது. அன்று லுஹர் தொழுகைக்குக் கை கால் கழுவ உன் அம்மா குழாயைத் திறந்தாள், திறந்தவள் கையை நீட்டாமல் அப்படியே நின்றாள். "இந்தத் தண்ணிலயா ஒளுச் செய்யிறது?" என்றாள். அன்றிலிருந்து தெருக் குழாயில் ஒரு பக்கெட் பிடித்து மூடி வைக்கிறாள், தொழுகைக்கு மட்டும். குளிப்பதும் துணி துவைப்பதும் உன் தண்ணீரில், தொழுவது அந்த பக்கெட்டில். நீ கவனித்திருக்க மாட்டாய். மூட்டு வலியோடு தினமும் தெரு முனை வரைக்கும் போய்வருகிறாளே, ஏன் என்று ஒரு தடவையாவது கேட்டாயா?

வருமானம் என்று நீ எதைச் சொல்கிறாய் என்று பலநாள் யோசித்திருக்கிறேன். என் தொழிலிலும் ஈ ஓட்டுகிற நாள் உண்டு. மழைக்காலத்தில் வாரக்கணக்கில் ஒரு வண்டிகூட வராது. ஆனால் அந்த மோசமான நாள் அன்றைய கூலியை மட்டும்தான் எடுத்துக்கொள்ளும். போன மாதம் தைத்துக் கொடுத்த சீட்டைப் பிய்த்துக்கொண்டு போகாது. உன் தொழிலில் கெட்ட நாள் ஒன்று வந்தால் நேற்றையதையும் சேர்த்து வாரிக்கொண்டு போகிறது. அது போனதும் போனதைப் பிடிக்க நாளையதையும் எடுத்து வைக்கிறாய். நல்ல நாள் வந்தாலாவது நிற்கிறாயா? இன்றைக்குக் கை நல்லா இருக்கு என்று இன்னும் பெரிதாக வைக்கிறாய். தோற்றாலும் ஆட வேண்டும், ஜெயித்தாலும் ஆட வேண்டும் என்றால் லீவே இல்லாத இந்த வேலையில் முதலாளி யார் என்று எனக்குப் புரியவில்லை. நீ இல்லை என்பது மட்டும் தெரிகிறது.

நீ பந்தயம் கட்டுகிற ஆப்களை எல்லாம் அரசாங்கம் மூடச் சொன்ன செய்தி வந்தபோது நான் கடையில் ஸ்வீட் வாங்கிக் கொடுத்தேன். எதற்கு பாய் ஸ்வீட் என்று பக்கத்துப் பஞ்சர் கடைக்காரர் கேட்டதற்கு, சும்மாதான் என்றேன். பையன் பிழைத்தான், மறுபடி வேலை தேடுவான் என்று நினைத்தேன். ஒரு வாரம் நீ படுத்தே கிடந்தாய். பிறகு ஒரு நாள் பழையபடி குளித்து, சட்டை போட்டு உட்கார்ந்தாய். எந்த ஊரிலோ இருக்கிற எவனோ ஒருவன் உனக்குப் பந்தயம் கட்ட ஒரு ஐடி கொடுத்திருக்கிறான், அதில் ஆடுகிறாய். அவன் முகத்தை நீ பார்த்ததில்லை. உன் பணம் அவனிடம் இருக்கிறது. நாளை அவன் போனை அணைத்துவிட்டால் போலீசிலும் சொல்ல முடியாது, ஏனென்றால் நீயே சட்டத்துக்குப் புறம்பாக ஆடுகிறாய். முன்பின் தெரியாத ஆட்டோக்காரரிடம் பத்து ரூபாய் சில்லறைக்கு நிற்கிற ஆள் நீ. முகம் தெரியாதவனை எப்படி இவ்வளவு நம்புகிறாய்?

ஒரு ஞாயிறு மதியம் உன் பக்கத்தில் உட்கார்ந்து மேட்ச் பார்த்தேன். நீ பள்ளிக்கூடம் போகும்போது தாம்பரத்தில் எந்தக் காலி மனையில் ஸ்டம்ப் நட்டாலும் அங்கே இருப்பாய். நம் அணி தோற்றால் சாப்பிட மாட்டாய், ஜெயித்தால் தெருவே தாங்காது. அந்தப் பையன்தான் என்று நினைத்து, "யார்டா ஜெயிக்கணும்?" என்று கேட்டேன். "யார் ஜெயிச்சா என்னா அத்தா, இந்த ஓவர்ல எட்டு ரன்னுக்கு மேல வரக்கூடாது, அவ்ளோதான்" என்றாய். நம் அணிப் பையன் ஒருவன் சிக்ஸர் அடித்தான். டிவியில் ஊரே எழுந்து நின்று கத்துகிறது, நீ தலையில் கை வைத்துக்கொண்டாய். உன் முட்டி ஆடிக்கொண்டே இருந்தது. தட்டில் போட்ட சோறு காய்ந்துபோனது. உனக்கு ரொம்பப் பிடித்த ஒன்றை உன்னிடமிருந்து பிடுங்கிவிட்டார்கள், அதுகூட உனக்குத் தெரியவில்லையே. எழுந்து வெளியே வந்துவிட்டேன்.

இப்போது பை விஷயத்துக்கு வருகிறேன். உன்னோடு திருமுடிவாக்கத்தில் வேலை பார்த்தானே பிரபு, அவன் போன வருஷம் பைக் சீட் மாற்றக் கடைக்கு வந்தான். அதற்கு முந்தின நாள் நீ கையில் இரண்டு கிலோ ஆட்டுக்கறியும், உன் அம்மாவுக்குப் புடவையும், எனக்குத் தைலமும் வாங்கிக்கொண்டு விசில் அடித்தபடி வந்திருந்தாய். பெரிதாக ஜெயித்திருக்கிறான் என்று நானும் நினைத்துக்கொண்டேன். பிரபு கேட்டான்: "இன்னா அங்கிள், அவன் எப்டி கீறான்? நேத்து மேட்ச்ல செம்ம அடி வாங்கிட்டான், ஃபுல் பேஜாரு. வூட்ல ஒண்ணும் சொல்லலியா?" இல்லை என்று சொல்லிவிட்டு அவன் சீட்டைத் தைத்துக் கொடுத்து அனுப்பினேன். அதன் பிறகு கவனிக்க ஆரம்பித்தேன். ஜெயித்த நாளில் நீ எரிச்சலாக வருவாய், சாப்பிடாமல் கதவைச் சாத்திக்கொண்டு அடுத்த மேட்ச் பார்ப்பாய். தோற்றால்தான் உனக்கு அன்பு பொங்கும். கை நிறைய வாங்கி வருவாய், அம்மாவைக் கட்டிக்கொள்வாய், எல்லோரையும் கிண்டல் அடிப்பாய். எங்களுக்குத் தெரிந்துவிடக் கூடாது என்றா, உனக்கே தெரிந்துவிடக் கூடாது என்றா? எனக்கு விளங்கவில்லை. இந்த வீட்டில் சந்தோஷமாகச் சாப்பிட்ட சாப்பாடெல்லாம் நீ தோற்ற நாளின் சாப்பாடு. உன் அம்மாவிடம் இதை நான் இன்றுவரை சொல்லவில்லை, சொன்னால் அந்தப் புடவையை இனிமேல் அவள் கட்ட மாட்டாள்.

போன வெள்ளிக்கிழமை நீ நகைக்கடைப் பையோடு வந்தாய். நீ கட்டிக்கொள்ளப்போகிற ஷமீமாவுக்கு, மாப்பிள்ளை தர வேண்டிய மஹராகக் கொடுக்க ஒரு கனமான செயின். "மஹர் மாப்பிள்ளையோட சொந்தக் காசா இருக்கணும்ல அத்தா? இந்தாங்க, என் சொந்தக் காசு" என்று அம்மா கையில் வைத்தாய். அவள் கண் கலங்கிவிட்டது. நீ அவளைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினாய். நான் அந்தப் பையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். இவ்வளவு பெரிய பரிசு வாங்கி வருகிறான் என்றால் எவ்வளவு பெரிய அடி விழுந்திருக்கும்? உன்னைக் கேட்க வாய் வரவில்லை. ஷமீமாவின் அத்தாவிடமாவது உண்மையைச் சொல்லிவிடுவோம், பெண்ணைப் பெற்றவர், அவர் இரண்டு அறை விட்டுக் கல்யாணத்தை நிறுத்தினாலும் சரி, யாராவது ஒருவர் உன்னை நிறுத்தட்டும் என்று நேற்று அஸர் தொழுதுவிட்டுக் கோவிலம்பாக்கத்தில் இருக்கிற அவர் வீட்டுக்கு வண்டியை எடுத்தேன். மேடவாக்கம் ரோட்டு நெரிசலில் ஊர்ந்துகொண்டே, எப்படி ஆரம்பிப்பது என்று பத்து விதமாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

அவர் எதிரில் உட்கார்ந்ததும் அதில் ஒன்றும் பலிக்கவில்லை. "சம்பந்தி, பொண்ணு கேட்டப்ப நாங்க சொன்ன மாதிரி என் பையன் ஐடி கம்பெனில வேலை பார்க்கலை. கிரிக்கெட்டுல பந்தயம் கட்டித்தான் சம்பாதிக்கிறான்" என்று கண்ணை மூடிக்கொண்டு போட்டு உடைத்தேன். அந்த மனுஷன் சிரித்தார். "அட, எனக்குத் தெரியாதா சம்பந்தி? மாப்பிள்ளை என்கிட்ட எப்பவோ சொல்லிட்டாரு. அது சூது இல்லையாமே, கணக்கு போட்டு ஆடுறதாமே." அதோடு விட்டாரா? என் பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். "ரிட்டயர்மெண்ட் பணம் சும்மா கெடந்துச்சு. பேங்க்ல டெபாசிட் போடலாம்னா வட்டி நமக்கு ஹராம். பல்ல கடிச்சிக்கினு வெச்சிருந்தேன். மாப்பிள்ளைதான், என்கிட்ட குடுங்க மாமா, லாபத்துல பங்கு தர்றேன்னாரு. போன வாரம் எடுத்துக் குடுத்துட்டேன். நீங்க ஒண்ணும் கவலைப்படாதீங்க." எவ்வளவு என்று நான் கேட்கவில்லை. எல்லாமும்தான் என்று அவர் முகத்திலேயே தெரிந்தது. வட்டிக்குப் பயந்து பணத்தைக் கொண்டுபோய்ச் சூதில் கொட்டியிருக்கிறார். எனக்குச் சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. அவரைத் திட்ட எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? பக்கெட் வைத்துத் தண்ணீர் பிரித்த வீட்டிலிருந்து போனவன்தானே நான்?

டீயைப் பாதி குடித்துவிட்டு எழுந்தேன். வண்டி எடுக்க வந்தபோது ஷமீமா கேட் வரைக்கும் வந்தாள். ஆஸ்பத்திரி வேலையிலிருந்து அப்போதுதான் வந்திருந்தாள், தோளில் பைகூட இறக்கவில்லை. உள்ளே பேசியதை முழுக்கக் கேட்டிருக்கிறாள். "மாமா, ஒண்ணு கேக்கலாமா? அவரு ஜெயிக்கிறத பத்தியே எல்லாரும் பேசுறாங்க. தோத்தா எப்படி இருப்பாரு?" என்றாள். இத்தனை நாளில் இந்தக் கேள்வியைக் கேட்ட முதல் ஆள் அந்தப் பெண்தான். கோபப்படுவாரா, அடிப்பாரா என்ற பயத்தில் கேட்கிறாள் என்று எனக்குப் புரிந்தது. பொய் சொல்ல நாக்கு எழவில்லை. "தோத்தா ரொம்ப நல்லா இருப்பான்மா. சிரிச்சிக்கிட்டே, கை நிறைய வாங்கிட்டு வருவான்" என்றேன். அவள் தோள் பையை இறக்கிக் கேட்டில் மாட்டினாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: "வெள்ளிக்கிழமை சாயங்காலம் எங்க வீட்டுக்கு வந்தாரு மாமா. எல்லாருக்கும் துணி, அத்தாவுக்கு வாட்ச். அவ்ளோ சந்தோஷமா அவர நான் பாத்ததே இல்ல."

நான் எப்படி வீடு வந்து சேர்ந்தேன் என்று எனக்கே தெரியாது. போய்விட்டதா, மகனே? எல்லாமும் போய்விட்டதா? மிச்சத்தில் வாங்கியதுதான் அந்தச் செயினா? அவள் அத்தா காலமெல்லாம் உழைத்துச் சேர்த்ததைத் தோற்றுவிட்டு, மீந்ததில் ஒரு செயின் வாங்கி, அதையே அவள் கழுத்தில் உன் சொந்தக் காசு என்று போடப்போகிறாயா? இது என் கற்பனையாக இருக்க வேண்டும் என்று நேற்றிலிருந்து துஆ கேட்டுக்கொண்டே இருக்கிறேன். அப்படியிருந்தால் வந்து என் முகத்தில் அடித்தமாதிரி சொல், "அத்தா, நீங்க ஒரு லூசு" என்று சொல், சந்தோஷமாக வாங்கிக்கொள்கிறேன். ஆனால் நீ சிரித்துக்கொண்டே சொன்னால் நான் நம்ப மாட்டேன். உன் சிரிப்பை இனிமேல் என்னால் நம்ப முடியாது. ஒரு தகப்பனுக்கு இதைவிடப் பெரிய தண்டனை வேறு கிடையாது.

உன்னைக் கெட்டவன் என்று நான் நினைக்கவில்லை. நீ கெட்டவனாக இருந்தால் எனக்கு இவ்வளவு பயம் இருக்காது, கோபம்தான் இருக்கும். நாளைக்கு ஜெயித்து எல்லாவற்றையும் திருப்பி வைத்துவிடலாம், யாருக்கும் தெரிய வேண்டாம் என்று நீ மனதார நம்புகிறாய். அந்த நம்பிக்கையைப் பார்த்துத்தான் நடுங்குகிறேன். ஞாயிற்றுக்கிழமைக்குள் இன்னும் இரண்டு மேட்ச் இருக்கிறது என்று எனக்கும் தெரியும், நானும் பேப்பர் பார்க்கிறேன். தயவுசெய்து அதைத் தொடாதே. அந்தப் பணம் இருந்தாலும் சரி, போய்விட்டிருந்தாலும் சரி, ஆடித் திருப்பப் பார்க்காதே. ஷமீமாவிடம் போய் நீயே சொல். அவள் அத்தா எதிரில் உட்கார்ந்து சொல். கடை இருக்கிறது, என் கை இன்னும் ஓடுகிறது, நீயும் ஒரு வேலைக்குப் போ, இருவருமாகச் சேர்ந்து அந்த மனுஷனுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துவிடலாம். உண்மையைக் கேட்ட பிறகும் அவள் உன்னை வேண்டும் என்று சொன்னால், ஒரு நாள் கூலியைக்கூட மஹராக வைத்து நிக்காஹ் செய்யலாம், அவள் சம்மதித்தால் போதும். வேண்டாம் என்று சொன்னால் பிரியாணி மாஸ்டரிடம் பேசிக்கொள்வது என் பொறுப்பு.

நீ ஒன்றும் செய்யாமல், அந்தச் செயினோடு சிரித்துக்கொண்டே மண்டபத்துக்கு வந்தால் என்ன நடக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். நிக்காஹ் ஓதுகிற ஹஜ்ரத் சபையில் எல்லோருக்கும் கேட்கிறமாதிரி மஹர் இவ்வளவு என்று சொல்வார். ஊர் கேட்டுக்கொண்டிருக்கும். திரைக்கு அந்தப் பக்கம் அவளும் கேட்டுக்கொண்டிருப்பாள். நான் உன்னை ஒட்டித்தான் உட்கார்ந்திருப்பேன். சொந்தக்காரர்கள் எதிரில் வாயைத் திறக்க வேண்டும் என்று நினைத்தாலே இப்போதே பயமாக இருக்கிறது. உன் அம்மா அதற்கப்புறம் என்னோடு பேசுவாளா, நீ பேசுவாயா, தெரியாது. ஆனாலும் அந்த இடத்தில் நான் எழுந்து நிற்பேன். அது ஷமீமாவின் அத்தாவுடைய பணம் என்று சொல்வேன். என்னை எழுந்து நிற்க வைத்துவிடாதே, கண்ணு.

உன் அத்தா